நீங்கள் எந்தச் சபை? – பெல்ஃபாஸ்ட் நாட்குறிப்பு

முதல் நாள்: எல்லை எங்கே போயிற்று?

மகன் டப்ளினில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்க வந்த இடத்தில் அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு பெல்ஃபாஸ்ட் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். ரயிலேற்றிவிடும்போது அவன் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: "அம்மா, அங்கே போய் யாரிடமும் 'நீங்கள் எந்தச் சபை?' என்று மட்டும் கேட்டுவிடாதே."

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு வாயில் ஊறிய கேள்வி அது. புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் பெயர், பிறகு ஊர், அதற்கடுத்தது சபை. ரோமன் கத்தோலிக்கரான ஆர்.சி.யா, புராட்டஸ்டண்டான சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா என்று தெரிந்தால்தான் பேச்சு மேலே நகரும். தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. கல்யாணப் பேச்சு என்றால் மட்டும் குரல் கொஞ்சம் தணியும். பெல்ஃபாஸ்டில் அதே கேள்விக்குத் தவறான இடத்தில் பதில் சொன்னவன் வீடு திரும்பாத காலம் ஒன்று இருந்தது. 1960களின் கடைசியில் தொடங்கி முப்பது ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். பெல்ஃபாஸ்டைத் தலைநகராகக் கொண்ட வட அயர்லாந்து முழுக்க அன்றைக்கு இருந்த மொத்த ஜனமே பதினைந்து லட்சத்துச் சொச்சம்தான்.

மாதாவை வணங்கலாமா, பாப்பரசர் பெரியவரா என்று வந்த சண்டை இல்லை இது. 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களின் வழிவந்தோர் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்கள். மற்றவர்கள் ஐரிஷ் கத்தோலிக்கர். தீவு ஒன்றாக வேண்டும் என்பவர்கள். 1921இல் அயர்லாந்தை வெட்டி வடக்கே ஆறு மாவட்டங்களைப் பிரிட்டனோடு நிறுத்தித் தனியாக்கியபோது கத்தோலிக்கர் அங்கே சிறுபான்மையானார்கள். வீடு, வேலை, உள்ளூர் வாக்குரிமை எல்லாவற்றிலும் கடைசி வரிசை. சபை இங்கே சாதியைப் போலப் பிறப்போடு வருவது. கோயில் வாசலையே மிதிக்காதவனுக்கும் உண்டு.

டிரோகெடா ஊரில் ரயில் உயரமான பாலத்தில் பாயின் ஆற்றைக் கடந்தது. 1690இல் புராட்டஸ்டண்ட் அரசர் வில்லியம் கத்தோலிக்க அரசர் ஜேம்ஸை இந்த ஆற்றங்கரையில் தோற்கடித்தார். அதற்கு இன்றும் ஒவ்வொரு ஜூலை 12ஆம் தேதியும் ஊர்வலம் நடக்கிறது. எதிர் இருக்கையில் இருந்த இளைஞன் ஆற்றை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லை எப்போது வரும் என்று நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். பலகை இல்லை, சோதனை இல்லை, காக்கிச்சட்டை இல்லை. தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, வேறு நாட்டுக்குள் வந்துவிட்டீர்கள் என்று. அவ்வளவுதான். ஒரு காலத்தில் இந்த எல்லைச் சாலைகளில் ராணுவக் கண்காணிப்புக் கோபுரங்கள் நின்றன.

விடுதிக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். பதிவேட்டில் என் பெயரை எழுதுவதற்காக எழுத்து எழுத்தாகச் சொன்னேன்: "எஸ், ஏ, ஆர், ஏ, ஹெச்." பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஹெச் என்று சொன்னால் நீங்கள் கத்தோலிக்கர். புராட்டஸ்டண்டுகள் 'எய்ச்' என்பார்கள்." அந்த நாளில் வழிமறித்தவர்கள் எழுத்துகளைச் சொல்லச் சொல்லித்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள் என்று ஊரில் கதை உண்டாம். எழுபது தலைமுறைக்கும் சி.எஸ்.ஐ. என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் குடும்பத்தில் ஓர் எழுத்தை உச்சரித்து மதம் மாறிய முதல் ஆள் நான்தான்.

இரண்டாம் நாள்: சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

காலையில் கறுப்பு டாக்சி. கலவரக் காலத்தில் பேருந்துகளைக் கொளுத்திவிட்டதால் லண்டனில் ஓடித் தேய்ந்த டாக்சிகளைக் கொண்டுவந்து பங்கு வண்டியாக ஓட்டினார்களாம். இப்போது அதே டாக்சியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கலவரத்தைக் காட்டுகிறார்கள். என் ஓட்டுநர் அரசியலில் நடுநிலை காத்தார். எந்தப் பக்கம் என்று கேட்க நாக்கு துடித்தது. மகனை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஃபால்ஸ் சாலை கத்தோலிக்கர் பக்கம். தீவு ஒன்றாக வேண்டும் என்னும் சின் ஃபெயின் கட்சியின் அலுவலகச் சுவரில் பாபி சாண்ட்ஸ் சிரிக்கிறார். 1981இல் சிறையில் 66 நாள் உண்ணாவிரதம் இருந்து இறந்தவர். இறக்கும்போது அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். தெருப் பலகைகளில் ஐரிஷ் மொழி. இங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஷாங்கில் சாலை. அங்கே பிரிட்டிஷ் கொடி, நடைபாதையின் ஓரக்கற்களில்கூடச் சிவப்பு, வெள்ளை, நீலம். இரண்டுக்கும் நடுவே சுவர். கீழே கான்கிரீட், நடுவே தகடு, உச்சியில் கம்பி வலை. மூன்று காலத்தில் மூன்று முறை உயர்த்தியிருக்கிறார்கள். 1969இல் ராணுவம் முள்கம்பி போட்டபோது தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னது. பெர்லின் சுவர் 28 ஆண்டுதான் நின்றது. இது அதன் இரு மடங்கை நெருங்கிவிட்டது. 1998இல் போட்ட சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகும் சில சுவர்கள் புதிதாக எழும்பின. 2023க்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம் என்று 2013இல் அரசு அறிவித்தது. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது.

ஃபால்ஸ் பக்கம் சுவரை ஒட்டி பம்பாய் தெரு. பெயரைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றேன். 1969 ஆகஸ்டில் அந்தத் தெருவையே எரித்துவிட்டார்கள். பிறகு கட்டிய வீடுகள் இவை. கொல்லைப்புறங்களுக்கு மேலே கல் விழாமலிருக்கக் கம்பிக் கூண்டு. ஒரு பாட்டி அந்தக் கூண்டுக்கடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். கடைசியாக எப்போது கல் விழுந்தது என்றால், யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். அப்புறம் என் கையைத் தட்டிச் சொன்னார்: "அந்தப் பக்கத்துக்காரர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. என் மூட்டுவலி வைத்தியரே அந்தப் பக்கம்தான். ஆனால் சுவர் இருந்தால் ராத்திரி தூக்கம் வருகிறது."

இங்கே நான் கேட்ட சமாதானப் பேச்சுகளில் ரொம்ப நேர்மையானது இதுதான் என்று நினைக்கிறேன். பகை போய்விட்டது, பயம் குடக்கூலி இல்லாமல் தங்கியிருக்கிறது. அந்தப் பயத்தை ஒரேயடியாகப் பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்ல முடியாது. 2021 ஏப்ரலில் இதே சுவரின் லானார்க் வே வாயிலில் இரண்டு பக்கத்துப் பையன்களும் பெட்ரோல் குண்டு எறிந்துகொண்டார்கள். ஒரு பேருந்து எரிந்தது. எறிந்தவர்களில் பலர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்.

ஷாங்கிலுக்கு நான் போனதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மையாரைத் திருநெல்வேலியில் தெரியாதவர் யார்? கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்குழந்தைகளை மீட்டு வளர்த்து, 1951இல் டோனாவூரிலேயே கண்மூடியவர். பெயர் பொறித்த கல்லறைக்கல்கூட வேண்டாம் என்றவர். அவர் இந்த ஊர்க்காரர். பிறந்தது பக்கத்தில் கடலோர மில்ஐல் கிராமம். இந்தியா வருவதற்கு முன்பு ஷாங்கிலில் ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்களுக்காகத் தகரக் கொட்டகை ஒன்று போட்டு ஆராதனை நடத்தினார். தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வை போட்டுவந்த அந்தப் பெண்களை மரியாதைப்பட்ட சபையார் முகம் சுளித்துப் பார்த்தார்களாம். அந்தச் சபை இன்றும் ஷாங்கிலில் நடக்கிறது. வாசலில் நின்ற பெரியவரிடம் டோனாவூரிலிருந்து இருபது மைல் தள்ளி எங்கள் ஊர் என்றேன். என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தேநீர் கொடுத்தார். என் சபையை அவர் கேட்கவே இல்லை. டோனாவூர் என்றதும் தெரிந்துவிட்டது போலும்! எனக்கு அங்கே சொந்த வீட்டுக்கு வந்தாற்போலத்தான் இருந்தது. அது கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. பம்பாய் தெருப் பாட்டி தேநீர் தரவில்லையே தவிர அன்பில் குறைவைக்கவில்லை.

மாலையில் ஃபால்ஸ் சாலையிலுள்ள நகரக் கல்லறைத் தோட்டம். 1869இல் திறந்தபோது, கத்தோலிக்கப் பிணமும் புராட்டஸ்டண்டுப் பிணமும் கலந்துவிடக் கூடாது என்று பூமிக்கு அடியில் ஒன்பது அடி ஆழத்துக்குச் சுவர் கட்டினார்கள். மேலே ஒன்றும் தெரியாது, புல்தான். கடைசியில் பேச்சு முறிந்து கத்தோலிக்கர் சற்றுத் தள்ளி மில்டவுனில் தனிக் கல்லறைத் தோட்டம் போட்டுக்கொண்டார்கள். சுவர் மட்டும் புல்லுக்கடியில் இன்னும் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு பகுதி ஒதுக்கி நடுவே சுவர் வைத்தவர்களுக்கும் இந்த யோசனை தோன்றவில்லை. அவர்கள் தரைக்கு மேலேயே வைத்தார்கள்.

மூன்றாம் நாள்: ஊதாப் பேருந்து

கிளைடர் என்று நீளமான ஊதாநிறப் பேருந்து. 2018இல் விட்டார்கள். இதன் முதல் தடம் மேற்குக் கத்தோலிக்கப் பகுதியில் கிளம்பி நகரின் நடுவே புகுந்து கிழக்குப் புராட்டஸ்டண்டுப் பகுதிக்கு ஒரே வண்டியாகப் போகிறது. முன்பெல்லாம் இந்தப் பக்கத்து ஆள் நகரின் மையத்தோடு இறங்கிக்கொள்வான். இப்போது மாறி ஏற வேண்டாம். நகரின் நடுவே இறங்கியவர்களும் ஏறியவர்களும் அதிகம்தான். ஆனாலும் கடைசிவரை வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். என்னோடு வந்த தாய் ஒருத்தி, மேற்கே ஏறியவள், கிழக்கே ஒரு பேரங்காடியில் இறங்கினாள். அங்கே காலணி மலிவாம். ஒப்பந்தம் போட்டவர்கள் எதிர்பார்த்த மனமாற்றம் இதுவா என்று தெரியாது. ஆனால் காலணிக்காக எல்லை தாண்டுகிறவள் கட்டாயம் இரண்டாம் முறையும் தாண்டுவாள்.

நியூடவுனார்ட்ஸ் சாலையில் முகமூடி போட்ட துப்பாக்கிக்காரர்களின் சுவரோவியங்கள் இன்னும் இருக்கின்றன. அதே சாலையில்தான் ஐரிஷ் மொழி வகுப்பும் நடக்கிறது என்பதை நான் நம்பவே இல்லை. புராட்டஸ்டண்ட் ஆயுதக் குழுவிலிருந்து அரசியலுக்கு வந்த டேவிட் எர்வினின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட லிண்டா எர்வின் என்ற ஆசிரியை, கிழக்கு பெல்ஃபாஸ்ட் மிஷன் கட்டடத்தில் 2011இல் தொடங்கியது. பெயர் 'துராஸ்', பயணம் என்று பொருள். இந்த மொழி எதிரியின் மொழி என்று வளர்ந்தவர்களிடம் அவர் சொல்வது எளிமையானது: உங்கள் வாயில் தினமும் இருப்பதே ஐரிஷ்தான். 'ஷாங்கில்' என்றால் பழைய தேவாலயம். பெல்ஃபாஸ்டும் ஐரிஷ் சொல்தான். தமிழ் வாத்தியாரம்மாளாக முப்பது வருடம் இடப்பெயர் ஆராய்ச்சியில் பிள்ளைகளை அறுத்தவள் என்ற முறையில் எனக்கு இது ரொம்பப் பிடித்தது. கட்டடத்துக்குள் போய் எட்டிப் பார்த்தேன். வகுப்பு நேரமில்லை, ஒரு வெள்ளைப்பலகை மட்டும். ஆனால் எல்லாம் சுபம் என்று எழுதவும் கை வரவில்லை. 2021இல் கிழக்குப் பகுதியில் ஓர் ஐரிஷ் மழலையர் பள்ளி தொடங்க முயன்றபோது சமூக வலைத்தளங்களில் கிளம்பிய வெறுப்பால் இடத்தை மாற்ற வேண்டியதாயிற்று. மழலையர் பள்ளிக்கு!

வடக்கே அலெக்சாண்டிரா பூங்காவுக்கும் போனேன். பூங்காவை இரண்டாக வெட்டி மூன்று மீட்டர் தகரச் சுவர். 1994இல் வைத்தது, ஆயுதக் குழுக்கள் போர்நிறுத்தம் அறிவித்த அதே ஆண்டு. 2011இல் அதில் ஒரு வாயில் திறந்தார்கள், பகலில் மட்டும். நான் போனபோது வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் இங்கே இரவு பத்து மணிக்குத்தான் இருட்டுகிறது. வாயில் மட்டும் பூட்டிவிட்டது. எட்டித் தொடும் தூரத்திலிருந்த ஊஞ்சலைப் பார்ப்பதற்கு ஊரைச் சுற்றி நடந்தேன். முழங்கால் என்னைத் திட்டியது.

நான்காம் நாள்: பெயரில்லாத ஊர்

டிக்கெட் எடுக்கும்போதே தர்மசங்கடம். போகிற ஊருக்கு இரண்டு பெயர்: டெரி என்று சொன்னால் நீங்கள் கத்தோலிக்கர், லண்டன்டெரி என்று சொன்னால் புராட்டஸ்டண்ட். "கடைசி நிறுத்தத்துக்கு ஒன்று" என்று கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்துக்குமே இரண்டு பெயர்தான்: ஒரு தரப்பு புனித வெள்ளி ஒப்பந்தம் என்கிறது, இன்னொரு தரப்பில் நிறையப் பேர் பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம் என்கிறார்கள். 1998 ஏப்ரல் 10. அது சொன்னது சுருக்கமாக இது: பெரும்பான்மை விரும்பும்வரை பிரிட்டனோடு இருக்கலாம், விரும்பாதபோது போகலாம், ஒருவர் பிரிட்டிஷ்காரராகவோ ஐரிஷ்காரராகவோ இரண்டுமாகவோ இருக்கலாம், ஆட்சி இரு தரப்பும் சேர்ந்து. அடுத்த மாதம் நடந்த வாக்கெடுப்பில் வடக்கில் 71 சதவீதம் பேர் சரி என்றார்கள். சேர்ந்து ஆள்வதுதான் சிரமமாக இருந்திருக்கிறது. இருவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் அரசே இல்லை. 2017 முதல் மூன்று ஆண்டு, 2022 முதல் இரண்டு ஆண்டு அப்படிச் சும்மா கிடந்தது.

ரயில் கடைசிப் பகுதியில் கடலை உரசிக்கொண்டு போகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இறங்கும் கரை பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள் பக்கம். ஃபாயில் ஆற்றைத் தாண்டினால் கத்தோலிக்கர் நகரம். நடுவே 2011இல் கட்டிய சமாதானப் பாலம், பாம்பு நெளிவது போல. பழைய ராணுவ முகாம் இருந்த இடத்தையும் நகர மன்றத்தையும் சேர்க்கிறது. வாகனம் கிடையாது. குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறார்கள், நாய்கள் போகின்றன, பள்ளிப் பையனும் பெண்ணும் கம்பியில் சாய்ந்து நிற்கிறார்கள். பொதுப்பணி ஒன்று மனிதர் புழங்குவதற்காகவே கட்டப்பட்டு அப்படியே புழங்கவும் படுவது அரிது.

இந்த ஊரின் கத்தோலிக்கப் பகுதியான பாக்சைடில் 1972 ஜனவரி 30ஆம் தேதி ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. 13 பேர் அன்றே இறந்தார்கள், ஒருவர் பிறகு. 38 ஆண்டு கழித்து, 2010இல், விசாரணை அறிக்கை வந்து பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நகர மன்றத்துக்கு வெளியே திரையில் அதைப் பார்த்தவர்களில் ஒருவர் எனக்கு வழிகாட்டியாக வந்தார். அந்த மன்னிப்புக்குப் பிறகு சில நாளில் உள்ளூர்ப் புராட்டஸ்டண்ட் சபைத் தலைவர்கள் பாக்சைடுக்கு வந்து குடும்பங்களைச் சந்தித்ததை, கேமரன் பேசியதைவிட நீளமாகச் சொன்னார். பக்கத்துச் சுவரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் ஓவியம். 1971இல் குண்டடிபட்டு இறந்தவள். மேலே வண்ணத்துப்பூச்சி. முதலில் வெறும் கோடாக விட்டிருந்தார்களாம். சமாதானம் நிலைக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் ஓவியர்கள் வந்து வண்ணம் பூசினார்கள்; பக்கத்திலிருந்த துப்பாக்கியையும் முறிந்ததாக மாற்றினார்கள்.

இதே ஊரில்தான் 2019 ஏப்ரலில், அதுவும் புனித வெள்ளிக்கு முந்தின இரவு, ஒப்பந்தத்தை ஏற்காத ஒரு குழுவின் குண்டுக்கு இளம் பத்திரிகையாளர் லைரா மெக்கீ பலியானார். இறுதி ஆராதனை பெல்ஃபாஸ்டின் புராட்டஸ்டண்ட் பேராலயத்தில். அங்கே பிரசங்கித்த கத்தோலிக்கக் குரு மார்ட்டின் மகில், முன்வரிசையில் ஒன்றாக உட்கார்ந்திருந்த இரு தரப்புத் தலைவர்களைப் பார்த்து, உங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவர 29 வயதுப் பெண்ணின் சாவு வேண்டியிருந்ததா என்ற பொருளில் கேட்டார். பேராலயம் எழுந்து நின்று கைதட்டியது. உட்கார்ந்திருந்த தலைவர்களும் கடைசியில் எழுந்தார்கள். காலணி வாங்கப் போகும் தாயும், கைதட்டிய கூட்டமும் தலைவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. தலைவர்களும் மெல்ல வருகிறார்கள்: 2024இல் சின் ஃபெயினின் மிஷேல் ஓநீல் முதலமைச்சரானார், அந்த ஆண்டு போரில் இறந்த பிரிட்டிஷ் படைவீரர் நினைவுநாளில் மலர்வளையம் வைத்தார். துணை முதலமைச்சரான புராட்டஸ்டண்ட் பெண்மணி ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங் மட்டையைக் கையில் பிடித்துப் பந்தடித்துப் பார்த்தார்.

ஐந்தாம் நாள்: படிவம்

பத்தரைக்கு ரயில். காலை உணவுக்கு இறங்கினால் விடுதிக்கார அம்மாளின் பேத்தி மேசை முழுக்கக் காகிதம் பரப்பியிருந்தாள். கோடை விடுமுறை வேலைக்கு விண்ணப்பம். கூடவே ஒரு தனித்தாள்: நீங்கள் புராட்டஸ்டண்ட் சமூகமா, கத்தோலிக்கச் சமூகமா, இரண்டும் இல்லையா? நான் தேநீரைச் சிந்தப் பார்த்தேன். ஐந்து நாளாக என் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அரசாங்கமே அச்சடித்துக் கேட்கிறது!

கத்தோலிக்கருக்கு வேலை மறுக்கப்பட்ட காலத்தைச் சரிசெய்ய 1989இல் வந்த சட்டம் இது. கேட்காவிட்டால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கணக்கு எப்படி வரும்? கேட்டால், கேள்வி எப்போது சாகும்? பேத்தி யோசிக்காமல் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டாள். 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் முதல்முறையாகப் புராட்டஸ்டண்டுகளை முந்தினார்கள், 45.7க்கு 43.5 சதவீதம், ஊரெல்லாம் அதைப் பேசியது. மதமே இல்லை என்றவர்கள் 17.4 சதவீதம் என்பதை அவ்வளவாகப் பேசவில்லை.

பாட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அதெல்லாம் செல்லாது. இரண்டும் இல்லை என்று போட்டால், எந்த ஆரம்பப் பள்ளியில் படித்தாய் என்று பார்த்து அவர்களே எழுதிக்கொள்வார்கள்." உண்மைதான், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பாளையங்கோட்டையில் சவேரியார் பள்ளியில் சி.எஸ்.ஐ. பையன்கள் படிப்பார்கள், யோவான் பள்ளியில் ஆர்.சி. பையன்கள் படிப்பார்கள், பள்ளியை வைத்து எங்களை யாரும் பிடிக்க முடியாது. இங்கே முடிகிறது. இரு தரப்பும் சேர்ந்து படிக்கும் முதல் பள்ளியான லகான் கல்லூரி 1981இல் 28 பிள்ளைகளோடு தொடங்கியது. இன்றும் அத்தகைய பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான பெற்றோர் வேண்டும் என்கிறார்கள். பிறகு தங்கள் பிள்ளையைத் தாங்கள் படித்த பள்ளியிலேயே சேர்க்கிறார்கள்.

"அப்படியானால் நீங்கள்?" என்று பேத்தி திடீரென்று என் பக்கம் திரும்பினாள். "நான் ஹெச்" என்றேன். பாட்டி மேசையைத் தட்டிச் சிரித்தார்.

விண்ணப்பத்தின் முதல் பக்கம் ரொட்டித் தட்டுக்கு அடியில் பாதி தெரிந்துகொண்டிருந்தது. ஆரம்பப் பள்ளியின் பெயர் அதில் இருந்தது. படித்துவிட்டேன். இங்கே எழுதப் போவதில்லை.